மூடுவதற்கு மட்டும்தானா கூரை?

அகராதி அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து 'க' வரிசையைக் கட்டியாளும் என் அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமனும், முதல் மாடிக் குடித்தனக்காரனும், கொடுங்கோன்மை எங்கே தலைதூக்கினாலும் அதன் தலையில் குட்டத் தயங்காதவனுமாகிய நான் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும், உன் அம்மாவும், உன் மேஜை மீது குவிந்து கிடக்கும் சொற்கள் அத்தனையும் நலமாக இருக்க வேண்டும், ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் மட்டும் நலமாக இருக்கக் கூடாது. அதற்குக் காய்ச்சல் வர வேண்டும். அது எழுந்து நடக்க முடியாமல் உன் மேஜையில் வந்து விழ வேண்டும். நீ அதைப் புரட்டிப் போட்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். 'கூரை' என்ற சொல்லைத்தான் சொல்கிறேன்.

"கூரை: வெயில், மழை முதலியவற்றிலிருந்து காப்பதற்காக வீட்டின் மேல் மூடியாக அமைக்கப்படும் பகுதி." இது நீ எழுதியதுதானே? இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போன வருஷம் உன் அம்மா சொந்தக்காரர்களை ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டு, "என் பொண்ணு கூரையை முடிச்சிட்டா, நாளையிலேர்ந்து கூலி" என்று பெருமை அடித்துக்கொண்டாள். 'கூரை'க்கு அடுத்தது 'கூலி' என்பது அகராதிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நீ கட்டட காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறாய் என்று நினைத்து, தங்கள் வீட்டுக் குளியலறை ஒழுகுவதைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். அது போகட்டும். நீ எழுதிய அந்த ஒற்றை வரி இன்று என் குடும்பத்தின் மீது இடிந்து விழுந்திருக்கிறது, அம்மாடி. கீழே நசுங்கிக் கிடந்தபடிதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒன்று. நசுங்கினாலும் பணிய மாட்டேன்.

எங்கள் கட்டடத்துக்குச் செயலாளர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்றவர். மூன்றாவது மாடியில், அதாவது கடைசி மாடியில் இருக்கிறார். தும்மல் வந்தால்கூட முதலில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு அப்புறம்தான் தும்முவார். போன வாரம் ஒரு காலையில் நான் படியேறிப் போகிறேன், மொட்டை மாடிக் கதவில் பூட்டு. பூட்டு என்றால் நம் வீட்டு அலமாரியில் தொங்குமே, அந்த ஜாதி என்று நினைத்துவிடாதே. ஏதோ ஒரு சாம்ராஜ்யம் கோட்டைக் கதவுக்காகச் செய்து, எடை தாங்காமல் கதவு விழுந்துவிட்டதால் தூக்கி எறிந்த பூட்டு. அதன் சாவியை இடுப்பில் செருகியிருப்பதால்தான் மனிதர் இப்போதெல்லாம் வலது பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார். பூட்டுக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: "கூரை என்பது மூடுவதற்காக அமைக்கப்படுவது (காண்க: அகராதி). ஆகவே இனி அதன் மீது யாரும் நடக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்." 'காண்க: அகராதி' என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்து அகராதி எழுத அனுப்புவது எதற்காக? அவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்த் தாய்மாமன் முகத்தில் ஒட்டுவதற்காகவா?

'பூட்டினால் பூட்டட்டுமே, மாடியில் மாமாவுக்கு என்ன வேலை' என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் கேட்பாள். அதனால் இந்தப் பாராவை நீ மட்டும் படி. அவள் கையில் கொடுப்பதாக இருந்தால் இந்தப் பக்கத்தின் மேல் குழம்போ காபியோ கொட்டிவிட்டுக் கொடு. விஷயம் என்னவென்றால், போன மழைக்காலத்தில் கண் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது" என்றார். நான் எதிர்த்தேன். "எதிர்ச் சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார். "எந்தச் சுவர்?" என்றேன். அத்தோடு என் வாகன வாழ்க்கை முடிந்தது. ஸ்கூட்டர் போன அன்று நான் சோகமாக உட்கார்ந்திருந்தபோது உன் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவளோ, "இத்தனை வருஷமா உங்க பின்னாடி உக்காந்து உங்க முதுகையேதான் பாத்துக்கிட்டு வந்தேன். இனிமே நான் ரோட்டைப் பாக்கப் போறேன்" என்றாள். மறுநாளே ஒரு பழைய சைக்கிள் வந்துவிட்டது.

"தெருவுல பழகேன்" என்றேன். "தெரு சிரிக்கும்" என்றாள். "அப்ப நான் பிடிச்சிக்கிறேன்." "நீங்க தெருவைவிடச் சத்தமா சிரிப்பீங்க." உண்மையை மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எல்லா நாளும் இருப்பதில்லை. ஆகவே மொட்டை மாடி என்று முடிவாயிற்று. அந்தச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் படியேறிய காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். மலையைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டவர்களெல்லாம் ஓரமாக நின்று எனக்கு வழிவிட்டிருப்பார்கள். எதிரே வந்தவர்களிடம் "பழைய இரும்பு" என்று சொல்லி வைத்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு உன் அத்தை மேலே போவாள். நான் இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காவல். அதற்கு மேலே ஒரு படிகூட வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இறங்கி வரும்போது "எப்படி?" என்று கேட்பேன். "நல்லா வருது" என்பாள். "விழுந்தியா?" "நானா?" என்பாள், ஏதோ நான் அவளைத் திருடி என்று சொல்லிவிட்டதைப் போல. முழங்கையில் பிளாஸ்திரி இருக்கும். கேட்டால் கொடிக் கம்பி கீறிவிட்டது என்பாள். எங்கள் மாடிக் கொடிக் கம்பி அந்த நாட்களில் ஒரு புலியைவிட அதிகமாகக் கீறிக்கொண்டிருந்தது.

இப்போது புரிகிறதா? உன் வரி வந்து பூட்டியது மாடிக் கதவை மட்டும் அல்ல. ஒரு பெண்மணி வாழ்க்கையில் முதல்முறையாக ரோட்டைப் பார்க்கப் போகிற வழியை நடுவில் நின்று மறித்துவிட்டது. உன் அத்தை அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "சரி, விடுங்க" என்றாள். அவள் சண்டை போட்டால் நான் நிம்மதியாக இருப்பேன். 'சரி, விடுங்க' என்றால் எனக்குக் கை கால் ஓடாது. அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "மாமா, நாங்க பொருளை உண்டாக்கறதில்ல. ஜனங்க ஒரு வார்த்தையை எப்படிப் புழங்கறாங்களோ, அதைத்தான் எழுதறோம். மாத்தணும்னா சான்று வேணும். நாலு பேர் பேசறதைக் கேட்டு அனுப்புங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க" என்றாய். 'நீங்களா எதையும் சேக்காதீங்க'வாம். என் மடியில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியை இரண்டாக உடைத்த குழந்தை எனக்குச் சொல்கிறது. இருக்கட்டும். கேட்டாய் அல்லவா, இதோ சான்று. ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. சேர்க்க நினைத்த இடங்களில் நாக்கைக் கடித்துக்கொண்டதால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

முதலில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த குழாய்க்காரரைப் படியிலேயே மறித்தேன். அவருக்கு மட்டும் செயலாளர் கதவைத் திறந்துவிட்டிருந்தார். "எங்க போறீங்க?" என்றேன். "மேல." "மேலன்னா எங்க? கூரைக்கா?" "கூரைக்கு எதுக்கு சார் போறேன், நான் என்ன பூனையா? மேல போறேன்." "அதான், அந்த மேலக்கு என்ன பேரு?" அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேலன்னா மேலதான் சார். அதுக்கும் மேல போகணும்னா வேற ஆளைப் பாருங்க, எனக்குக் குடும்பம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார். குறித்துக்கொள். தண்ணீர்த் தொட்டி சம்பந்தப்பட்ட வட்டாரங்களில் அதற்குக் கூரை என்ற பெயர் வழக்கில் இல்லை.

அடுத்து இரண்டாவது மாடியில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்குக் கிளம்பும்போது நான் படித் திருப்பத்தில் தினமும் செய்தித்தாள் படிப்பதைப் பார்த்து, வீட்டில் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஏற்கெனவே என் மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருப்பவர். "கூரை வீடுன்னு சொன்னா என்ன நினைப்பீங்க?" என்றேன். "ஓலை வேஞ்ச வீடு" என்றார் உடனே. "அப்ப நாம இருக்கறது?" "இது மாடி வீடு சார். இதைப் போய்க் கூரை வீடுன்னு விளம்பரம் பண்ணிப் பாருங்க, வாடகைக்கு ஈ காக்கா வராது." "நம்ம தலைக்கு மேல இருக்கே, அது?" "அது சீலிங்." "அந்த சீலிங்குக்கு மேல?" "செயலாளர் வீடு." "அதுக்கும் மேல?" அவர் என் தோளில் கை போட்டார். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா சார்? மனசு விட்டுப் பேசுங்க" என்றார். பார்த்தாயா? படித்தவரே சாட்சி. மாடி வீட்டுக்குக் கூரை என்ற பேச்சே கிடையாது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு எவராவது போனில் "கூரையில நிக்கறேன்" என்று சொல்வாரா? சொன்னால் கேட்பவர் தீயணைப்பு வண்டிக்குத்தான் சொல்லியனுப்புவார்.

இதுவரைக்கும் என் கட்சி இமயம்போல் நின்றது. பிறகுதான், வினையை விலைக்கு வாங்குகிற மாதிரி, தரைத் தளத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் தையல்காரம்மாவிடம் போனேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் கூரைன்னா என்னம்மா?" என்றேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, விரலை மேலே காட்டினார். "உங்க வீடுதாண்ணே" என்றார். எனக்குப் புரியவில்லை. "என் வீட்டுத் தரைன்னு சொல்லுங்க." "உங்களுக்குத் தரை. எனக்கு அதுதானே கூரை. உங்க வீட்டு நாற்காலில ஒண்ணுக்கு ஒரு கால் நொண்டி. காலையில அதுல உக்காந்துதான் நீங்க பேப்பர் படிப்பீங்க. இப்ப கொஞ்ச நாளா அந்தச் சத்தம் காணோம், வெளில போயிடறீங்க. அண்ணி துணி துவைக்கிறப்போ பாட்டுப் பாடுவாங்க. போன வாரத்துலேர்ந்து பாடறதில்ல" என்று சொல்லிக்கொண்டே போகிறார். உன் அத்தை பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இந்தச் சான்றை உனக்கு அனுப்பாமல் அமுக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வீரன் எதிரியின் அம்பையும் எண்ணிக் காட்டுவான். இதையும் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். எங்கள் கட்டடக் கூட்டம் வண்டி நிறுத்துகிற இடத்தில் நடக்கும். எல்லோரும் அவரவர் வண்டி மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஆண்களில் வண்டி இல்லாத நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன். நிற்பது என் உயரத்துக்கு எடுப்பாக இருந்ததால் பரவாயில்லை. செயலாளர் உன் அகராதியைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் கொண்டுவந்தார். உன் வரியைப் படித்தார். நான் எழுந்தேன், அதாவது ஏற்கெனவே நின்றிருந்தவன் இன்னும் கொஞ்சம் நின்றேன். குழாய்க்காரரைச் சொன்னேன், வாத்தியாரைச் சொன்னேன். தலைக்கு மேலே இருந்தால்தான் அது கூரை, காலுக்குக் கீழே வந்துவிட்டால் மாடி, மாடி மனிதன் நடக்கப் பிறந்தது, அதைப் பூட்டுகிறவர்கள் நாளைக்குக் காற்றைப் பூட்டுவார்கள், நாளன்றைக்கு வெயிலுக்குச் சந்தா கேட்பார்கள் என்று முழங்கினேன். தெருவில் போன ஒரு நாய் நின்று கேட்டுவிட்டுப் போனது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போதுதான் வாத்தியார், "எல்லாம் சரி சார். மாடி உங்களுக்கு எதுக்கு வேணும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

இங்கேதான் என் நிலைமையை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் என்று சொன்னால் உன் அத்தை என்னை உயிரோடு விட மாட்டாள். ஓரமாக, தையல்காரம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி காயப் போடவா?" என்றார் ஒருவர். "துணியா? என் கொள்கை காய வேண்டும்" என்றேன். "நட்சத்திரம் பாக்கவா?" "எனக்கு எதிர்ச் சுவரே தெரியாது." "அப்புறம் எதுக்குதான்?" "உரிமைக்கு!" என்று கத்தினேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லாததால் அதையே மூன்று விதமான ராகத்தில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அகராதியை மூடினார். "சார், பேசி முடிக்கிற விஷயம் இல்ல இது. நாளைக்குக் காலையில நான் பூட்டைத் திறந்து விடறேன். மேல போறவங்க போகட்டும். நீங்க எங்க வீட்டுல வந்து உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு அது கூரை இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க, சாவி உங்களுக்கு" என்றார். 'மேல போறவங்க' என்றபோது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார். "சவாலை ஏத்துக்கிட்டேன்!" என்றேன். அவர் வீட்டுக் கூரையே பெயர்ந்து என் மடியில் விழுந்தாலும், 'ஏதோ தூசி விழுந்த மாதிரி இருக்கே' என்று சொல்லிவிட்டு வருவது என்று அன்று ராத்திரியே முடிவு கட்டிக்கொண்டுதான் படுத்தேன்.

மறுநாள் காலை உன் அத்தை மேலே போனாள். நான் பகைவர் கோட்டைக்குள் நுழைந்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் நட்டநடுவில் இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். எதிரி வீட்டுக் காபி என்பதால் நன்றாக இல்லை என்று சொல்லலாம் என்று குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஒரு உருளல். கரகரவென்று தலைக்கு மேலே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயிற்று. திரும்பியது. அப்புறம், தடால்.

நான் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல" என்றார் செயலாளர் மெதுவாக. "எழுந்துடுவாங்க." எழுந்துவிட்டாள். மறுபடியும் உருளல், மறுபடியும் தடால். "இது தொட்டிப் பக்கம். இங்க விழுந்தா உடனே எழுந்துடுவாங்க. ஜன்னல் பக்கத்து மூலையிலதான் கொஞ்சம் நேரமாகும்" என்கிறார். தடால். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "உக்காருங்க. முன்னெல்லாம் இதைவிட அதிகம். இப்ப எவ்வளவோ தேறிட்டாங்க" என்கிறார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, கையில் கரண்டியோடு, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்றாளே! தினமும் நான் கீழே கால் மேல் கால் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, உன் அத்தை என் தலைக்கு மேலே விழுந்து எழுந்து விழுந்து எழுந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, 'நல்லா வருது' என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள். அது தெரிந்த ஒரே மனிதர் இந்தப் பூட்டுக்காரர்! "அப்புறம் எதுக்குய்யா பூட்டினீங்க?" என்று அடிக்குரலில் கேட்டேன். "ஜன்னல் பக்கத்து மூலையில கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குத்தான் சார் இருக்கு. கட்டறப்பவே அப்படிக் கட்டிட்டாங்க. அந்த மூலையில அவங்க விழற ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலுக்கு ஓடறேன், வெளில விழுந்துட்டாங்களோன்னு. எனக்கு ஏற்கெனவே படபடப்பு. உங்ககிட்ட வந்து சொல்லலாம்னா, அவங்க யாருக்கும் தெரியாம பழகறாங்கன்னு தெரியுது. காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். வேற வழி தெரியல, அகராதியை எடுத்தேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேலே மறுபடியும் உருள ஆரம்பித்தது. தொட்டிப் பக்கம் போயிற்று. திரும்பியது. விழவில்லை. சமையலறைக்கு நேர் மேலே வந்தது. திரும்பியது. விழவில்லை. ஜன்னல் மூலை. செயலாளர் எழுந்தார். நானும் எழுந்தேன். இரண்டு பேரும் அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு, கொத்தனார் கைவிட்டுப் போன பொம்மைகள்போல் நின்றோம். சக்கரம் அந்த மூலையில் கொஞ்சம் தயங்கியது. கரகரவென்றது. அப்புறம் வளைந்து, தாண்டி, நேராகப் போய், இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று. நிற்கவே இல்லை. "தாண்டிட்டாங்க சார்!" என்று செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கரண்டியோடு நின்ற அம்மா அந்தக் கரண்டியாலேயே கதவில் தாளம் தட்டுகிறார். எனக்கு அந்தச் சமயத்தில் கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு. இரண்டு கண்ணிலும்.

கொஞ்சம் ஆறிய பிறகு செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க. அது கூரையா, இல்லையா?" என்றார். உண்மையைச் சொன்னால் தோல்வி, பொய் சொன்னால் சாவி. உன் மாமன் எதைச் செய்திருப்பான் என்று நினைக்கிறாய்? "கூரைதான்யா! இதைவிடப் பெரிய கூரையை நான் பாத்ததில்ல! சாவியைக் கொடுங்க!" என்றேன். "நீங்கதான் தோத்துட்டீங்களே" என்றார். "தோத்தவன்தான் கேக்கறேன். ஜெயிச்சவனுக்குச் சாவி எதுக்கு?" என்றேன். இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதை அவர் கண்டுபிடிப்பதற்குள் சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது. அன்று மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய மரக் கட்டிலை மேலே தூக்கிக்கொண்டு போய், அந்த ஜன்னல் மூலையில் சுவரோரம் நிமிர்த்தி வைத்துக் கம்பியால் இழுத்துக் கட்டினோம். இனி அங்கே யானை வந்து முட்டினாலும் திரும்பித்தான் போக வேண்டும். நான் இப்போது வலது பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன்.

ஆகவே, மருமகளே, மாமன் அடங்கிவிட்டான் என்று கனவு காணாதே. முன்பு உன் வரியில் பாதி தப்பு என்று நினைத்தேன். இப்போது அது முழுக்கவே போதாது என்கிறேன். வெயிலாம், மழையாம். அதற்கு ஒரு குடை போதாதா? இந்த வீட்டில் நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது, ஒன்றாவது எனக்கு என் மனைவியைப் பற்றி ஏதாவது சொன்னதா? கூரைதானே சொன்னது? அடுத்த பதிப்பில் உன் வரியை அடித்துவிட்டு இப்படிப் போடு: "கூரை: கீழே இருப்பவருக்குத் தலைக்கு மேலும், மேலே இருப்பவருக்குக் காலுக்குக் கீழும் அமைந்து, ஒருவர் விழுவதையும் எழுவதையும் மற்றவருக்குத் தெரிவிக்கும் வீட்டின் பகுதி. மழைக்கும் ஆகும்." மேற்கோளாக, 'அவர் கூரையில் என் மனைவி சைக்கிள் பழகினாள்' என்பதைச் சேர். ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாதே. உன் தலைமை ஆசிரியர் மறுத்தால் எனக்கு ஒரு வார்த்தை எழுது. நான் நேரில் வந்து அவர் நாற்காலிக்கு நேர் மேலே உள்ள அறையில் வாடகைக்குக் குடியேறி, நொண்டிக் கால் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சம்மதிக்கிற வரைக்கும் செய்தித்தாள் படிப்பேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். குளியலறை ஒழுகுவதாகக் கேட்டவர்களுக்கு நீ நேராகவே பதில் எழுதிவிடு. நீ பல்லாண்டு வாழ்ந்து, 'ஹ' வரைக்கும் போய்ச் சேர்ந்து, தலைமை நாற்காலியில் அமர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்,
(கூரைப் போரில் தோற்றுச் சாவியை வென்றவன்)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. உன் பழைய வரி அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. இது உன் அத்தையின் உத்தரவு. கடிதத்தை உறையில் போடுவதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. செயலாளர் மனைவிக்கும் சைக்கிள் பழக வேண்டுமாம். தையல்காரம்மாவுக்கும் வேண்டுமாம். உன் அத்தைதான் வாத்தியார். சாவி என் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்குப் போய்விட்டது. அறிவிப்பையும் கிழிக்கக் கூடாதாம். அது இருக்கிற வரைக்கும் வேறு யாரும் மேலே வந்து வேடிக்கை பார்க்க மாட்டார்கள், அதுவும் அகராதியே சொல்லிவிட்டதென்றால் எவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்கிறாள். "யாரும் நடக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று கேட்டேன். "நாங்க எங்க நடக்கறோம்?" என்கிறாள். எனக்கும் செயலாளருக்கும் மாடிப் பக்கம் தலைகாட்டவே அனுமதி இல்லை. இந்தப் பின்குறிப்பை அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பக்கத்துப் பாயில் அவர். இதோ, இப்போதுகூட மேலே யாரோ விழுந்தார்கள். அவர் பதறி எழுந்துவிட்டார். நான் அசையவில்லை. உன் அத்தை இல்லை அது. அவள் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும்.